ஆசை இல்லை, மசக்கை

நான் ஆசைப்பட்டு மண்ணைத் தின்றேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசையாம் ஆசை! ஆசை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மாரிகுப்பம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் துணிக்காரன் முன்னால் நின்று, கத்திரிப்பூ நிறச் சேலை ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேனே, அது ஆசை. அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு அடுத்த பொங்கல் வரைக்கும் காத்திருக்கலாம். ஒன்றும் கெட்டுப்போகாது. குடியாத்தத்துப் பக்கத்தில் என் அம்மா வீட்டு முருங்கை மரத்தை நினைத்தால் தொண்டை அடைக்கிறதே, அது ஏக்கம். சம்பளத்தன்றைக்கு என் வீட்டுக்காரர் எட்டியப்பன் சாராயக் கடைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு வருவார் என்று சோற்றை வடித்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது நப்பாசை. அவர் கடை வரைக்கும் போய், வேண்டாம் என்று திரும்பி, பாதி வழியில் மறுபடியும் திரும்புவாரே, அவருக்கு இருப்பது சபலம். இதெல்லாம் நாம் பெற்று வளர்த்தவை. ஓர் அதட்டு அதட்டினால் கொஞ்சமாவது அடங்கும்.

மசக்கை அந்த ஜாதியே இல்லை. அது எங்கிருந்தோ வந்து வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, நம் நாக்கைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். நம்மை ஒரு வார்த்தை கேட்காது.

காவேரியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று எல்லாரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. எந்தச் சுரங்கம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தப் பேரைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எட்டியப்பன் கீழே இறங்கிப் பாறையில் துளை போடுகிற வேலை. நான் மேலே, கல் பொறுக்கும் கொட்டகையில். கீழேயிருந்து டிராலியில் வரும் கல்லை ஒரு பெரிய மேடையில் கொட்டித் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பக்கமும் நின்று, தங்கச் சரக்குள்ள கல்லை ஒரு கூடையிலும் வெறும் கருங்கல்லை இன்னொரு கூடையிலும் போட வேண்டும்.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிகிற வரைக்கும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பாட்டைக் கேட்டு மேஸ்திரி உருகிப்போகிறார் என்று நினைக்க வேண்டாம். வாய் பாடிக்கொண்டிருந்தால் அதற்குள் எதையும் ஒளித்துவைக்க முடியாது, அவ்வளவுதான். வெற்றிலை கூடாது, புகையிலை கூடாது, மௌனமும் கூடாது. நாற்றுப் பாட்டு, தாலாட்டு, மாரியம்மன் பாட்டு, ஞானஸ்நானம் வாங்கிய பெண்களின் கோயில் பாட்டு என்று எது வந்தாலும் சரி. யாருடைய குரலாவது நின்றால் மேஸ்திரியின் தலை அந்தப் பக்கம் திரும்பும். பக்கத்தில் வீடு எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. ஒரு பெண் பாட்டை விழுங்கினால் தெரிந்துவிடும்.

எனக்கு அந்தக் கொட்டகையில் முதலில் தலைசுற்றல்தான் வந்தது. பிறகு வாசனை வந்தது. கழுவுகிற தண்ணீர் பட்டதும் அந்தக் கல்லிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். வெயில் காலத்து முதல் மழையில் வாசல் மண் மணக்குமே, அதைவிட ஆழமான வாசம், சூரியனையே பார்க்காத மண்ணின் வாசம். கல்லின் இடுக்கில் சாம்பல் நிறச் சேறு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு எச்சில் ஊறும். தாடை வலிக்கும். பாடிக்கொண்டே எச்சிலை விழுங்குவேன்.

முழுகாமல் இருக்கிறேன், வாய் மண் கேட்கிறது என்று எட்டியப்பனிடம் சொன்னேன். மனிதருக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். நான் முழுகாமல் இருப்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஊரில் வயிற்றுவலி என்று போனபோது, கருவுண்டாகியிருப்பது தெரியாமல் நாட்டு வைத்தியன் பேதிக்குக் கொடுத்தான். அதிலேயே முதல் கரு போய்விட்டது. அதனால் இந்தத் தடவை, வயிறு தெரிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். அதுவும் போக, முழுகாமல் இருக்கிறவளைக் கொட்டகையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"மண்ணுதானே, நான் எடுத்தாறேன்" என்றார். அடுப்பு மண் கொண்டுவந்தார். செங்கல் சூளையிலிருந்து சுட்ட மண் கொண்டுவந்தார். குசவன் வீட்டுக் களிமண் வாங்கி வந்தார். எல்லாவற்றையும் மோந்து பார்த்துத் தள்ளிவிட்டேன்.

"இதெல்லாம் இல்லய்யா. கீழேந்து கல்லோட வருதே, அந்தச் சேறு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு இன்னா பைத்தியமா? அத்த வாயில வெச்சா செயிலு, தெரியுமா?"

"மசக்கைக்காரி கேட்டதக் குடுக்கலன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழு வடியும். அதுவும் தெரியுமா?"

"வடிஞ்சா வேப்பெண்ணெ வுடலாம். செயிலுக்கு இன்னா வுடறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கருக்கொண்டவள் வாய்விட்டுக் கேட்டதை வாங்கித் தராதவன் என்ற பேர் எங்கள் ஜனத்தில் பொல்லாத பேர். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். விடிந்ததும் வேலைக்குப் போனார். அடுத்தடுத்த நாட்களிலும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நல்ல மழை. கொட்டகைத் தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்கவில்லை. ஈரக் காற்று உள்ளே வந்ததும் அந்த வாசம் நாலு பங்காகிவிட்டது. என் கையில் ஒரு கல். அதன் இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குச் சேறு, கொழுகொழுவென்று. வேண்டாம் வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை வாய்க்குப் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கையைத் தூக்கியது எனக்குத் தெரியாது. வாய்க்குள் அந்தக் குளிர்ச்சி பட்டபோதுதான் தெரிந்தது. ஆஹா, அதை என்னவென்று சொல்வேன்! உடம்பில் இருந்த நடுக்கமெல்லாம் அப்படியே இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மேஸ்திரி எதிரே நின்றுகொண்டிருந்தார். மழை விட்டிருந்தது. மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் பாடவில்லை.

"வாயத் தொற!"

விழுங்கிவிட்டேன். விழுங்காமல் காட்டியிருந்தால் வெறும் சேறு என்று தெரிந்திருக்கும். பயத்தில் விழுங்கியதுதான் வினையாகிவிட்டது.

பஞ்சாபிக் காவல்காரன் என்னைக் கையால் தொடாமல் தடியால் தள்ளிக்கொண்டே போய்ச் சோதனை அறையில் விட்டான். கொட்டகைப் பெண்களின் பாட்டு ஒரு நொடி தடுமாறி, மேஸ்திரி கத்தியதும் மறுபடியும் எழுந்தது. அதில் ஒரு குரல் குறைந்தது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

சோதனை அறை என்பது ஒரு மாட்டுக்கொட்டில் அளவு. நாலு பக்கமும் மண் சுவர். இரும்புத் தகரக் கதவு. கைக்கெட்டாத உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஒரு பெஞ்சு, மூலையில் ஒரு வாளி. பக்கத்தில் மில்லு. பாறையை இடித்துத் தூளாக்கும் அந்த உலக்கைகள் ராவும் பகலும் ஓயாது. சுவரில் கை வைத்தால் கைக்குள் இடிக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகெலும்புக்குள் இடிக்கும்.

பெண்களைச் சோதிக்கிறவள் மரியகுழந்தை. விதவை, கழுத்தில் ஜெபமாலை, பாதி நாள் முட்டிவலி என்று நொண்டி நடப்பாள். அவள் விரல் படாத கூந்தல் எங்கள் கூலி லைன் வீடுகளில் கிடையாது. என் தலையை அவிழ்த்துப் பார்த்தாள். சேலை மடிப்பை உதறினாள். தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நாக்கில் இருந்த சாம்பல் கறையை விரலால் வழித்துத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"முழுங்கிட்டியாடி?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"அக்கா, அது மண்ணுக்கா. வெறும் சேறு. நான் முழுகாம கீறேன்."

"புடிபட்ட எவ முழுகாம இல்ல?" என்றாள்.

அதற்குள் துரை வந்துவிட்டார். காவல் பிரிவுக்கு அதிகாரி. சிவந்த கழுத்து, கையில் ஒரு பிரம்பு. அவர் பேசுவதை எனக்குத் தமிழில் சொல்ல ரைட்டர் ஏசுபாதம் கூட வந்தார். ஏசுபாதம் நல்ல மனிதர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிப்பார். பெண்பிள்ளை சமாசாரம் என்றால் காது மடல் வரைக்கும் சிவந்துபோவார். அப்படிப்பட்டவரைப் பிடித்து என் மசக்கையை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் என்ன ஆகும்?

"தொரை கேக்கறாரு. எதுக்காக வாயில போட்டே?"

"மசக்கைங்க ஐயா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். துரையிடம் ஏதோ சொன்னார். துரை சிரித்துவிட்டு ஏதோ கேட்டார்.

"அதாவது, ஆசைப்பட்டுத் துன்னியான்னு கேக்கறாரு."

"ஆசை இல்லீங்க."

"சரி, ஆசை இல்ல. பின்ன இச்சையா?"

"இச்சைன்னா இன்னாங்க?"

"மனசு தப்பான வழிக்கு இழுக்குமே, அது."

"மனசு ஒண்ணியும் இழுக்கலீங்க. மனசு வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு. வாயிதான் கேக்கல."

ஏசுபாதம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பள்ளிக்கூடத் தமிழை எல்லாம் துழாவினார் போலிருக்கிறது. "வேட்கைன்னு சொல்லலாமா? தாகம் மாதிரி?"

"தண்ணித் தாகம் எனக்கு எடுக்குதுங்க. வயித்துல கீறதுக்குத்தான் இது எடுத்தது."

அவர் பாவம், தன்னால் முடிந்ததைத் துரையிடம் சொன்னார். துரை கேட்டுக்கொண்டார். பிரம்பைத் தொடையில் தட்டிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார். ஏசுபாதம் தரையைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார்.

"எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாரு. தங்கத்தப் பாத்தா எல்லாருக்கும் வர்றது பேராசைதானாம். அந்தச் சேத்துல கண்ணுக்குத் தெரியாத தங்கம் கெடக்குதாம். அதுவும் கம்பெனியோடதாம்."

பேராசையாம்! எனக்கு உச்சிமயிர் நட்டுக்கொண்டது. பூமியின் வயிற்றைக் கிழித்து, ஆயிரக்கணக்கான ஜனங்களை உள்ளே இறக்கி, மலைமலையாகக் கல்லை இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் போதவில்லை என்று வருஷா வருஷம் ஆழம் போகிறார்கள். ஒரு நெல்லிக்காய்ச் சேற்றுக்கு என்னைப் பார்த்துப் பேராசைக்காரி என்கிறார். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அன்றைக்கு நான் விழுங்கியதில் அதுதான் கசப்பு.

அடுத்து ஏசுபாதம் சொன்னதைக் கேட்டதும் கோபமெல்லாம் ஓடிவிட்டது. பேதி மருந்து கொடுக்கப் போகிறார்களாம். இந்த அறையிலேயே வைத்து, வாளியில் வருவதைக் கழுவிப் பார்ப்பார்களாம். தங்கம் இல்லை என்றால் விட்டுவிடுவார்களாம்.

"ஐயா! வேணாங்கய்யா! போன தபா பேதிக்குக் குடுத்துத்தான் கலஞ்சிபோச்சு. தொரை கால்ல வுழறேன். வேணும்னா செயிலுக்கு அனுப்பச் சொல்லுங்க. மருந்து வேணாம்!"

துரையின் காலில் விழப் போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். வயிற்றைக் காட்டினேன். மரியகுழந்தையைப் பார்க்கச் சொன்னார். அவள் என் அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இருந்தாலும் இருக்கும்" என்றாள். அவள் சொன்னது நிஜம். ஆனால் அது எனக்கு உதவவில்லை. துரை வாசலைப் பார்த்து நடந்தார். தகரக் கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மில்லுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கதவைத் தட்டினேன். கத்தினேன். அந்த உலக்கைச் சத்தத்தில் நான் கத்துவது யாருக்குக் கேட்கும்? ஜன்னலுக்கு எம்பிப் பார்த்தேன், பெஞ்சை நகர்த்த முடியவில்லை, தரையோடு அறைந்திருந்தார்கள். எட்டியப்பன் அந்த நேரத்தில் எத்தனையோ ஆழத்தில், இடுப்பளவு இடத்தில் குனிந்துகொண்டு பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். சாயங்காலச் சங்கு ஊதி, ஆள் ஏற்றுகிற கேஜ் கூண்டு மேலே வந்தால்தான் அவருக்கே வெளிச்சம். அவருக்கும் கதவு, எனக்கும் கதவு. என் வயிற்றுக்குள் இருந்த அந்தச் சின்ன உயிர்தான் மூன்றாவது. அதற்கு நான்தான் கதவு. என்னைப் பிளந்தால் அது போய்விடும். முழங்காலைக் கட்டிக்கொண்டு வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேம்பித் தேம்பி அழுதேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, மரியகுழந்தை வந்தாள். ஒரு கையில் மருந்து பாட்டில். இன்னொரு கையில், குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை. அதை அவள் வேண்டுமென்று கொண்டுவரவில்லை. அளந்து ஊற்ற அதுதான் தோது. ஆனாலும் அந்தப் பாலாடையைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

"அக்கா, நீயும் பெத்தவதானே."

"பெத்தவதான். அந்த நாலு வாய்க்குத்தான் இந்த வேலையச் செய்றேன். நான் ஊத்தலன்னா வேற ஒருத்தி ஊத்துவா" என்று சொல்லிவிட்டு பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கூரை ஒழுவி செவுரெல்லாம் ஊறிப்போச்சு. வாசம் எப்டி தூக்குது பாரு" என்றாள். "எனக்கு மசக்கையில அடுப்பங்கரைச் செவுரு மிஞ்சல. ராவெல்லாம் நகத்தால சொரண்டிச் சொரண்டித் துன்னேன். எங்க மாமியா வெளக்கமாத்தால அடிச்சா. அப்பவும் வுடல." என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "நீ காலையிலேந்து உள்ள கீறே. இந்தச் செவுத்துல ஒரு நகக்குறி இல்லியே, சம்பங்கி."

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் ஆயிற்று. சுவரைப் பார்த்தேன். உண்மைதான். நனைந்து, கறுத்து, மெத்தென்று இருந்தது சுவர். வாசம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. நாக்கு மரக்கட்டையாக இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த மசக்கை எந்தப் பக்கம் ஓடிற்றென்றே தெரியவில்லை. வேண்டாம் என்றபோது வந்து என்னை மாட்டிவிட்டு, சாட்சிக்குக் கூப்பிடும்போது இல்லாமல் போய்விட்டது!

"தொரை முன்னாலதான் மருந்த ஊத்தணும்" என்று மரியகுழந்தை எழுந்தாள். "இன்ஜின் கொட்டாயாண்ட கீறாரு. போய்க் கூட்டினு வரேன். எனக்கு முட்டி வலி. மெதுவாத்தான் நடப்பேன்."

கதவைச் சாத்தும்போது அவள் இன்னொரு தடவை அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

பாட்டிலை எடுத்துக் கொட்டிவிடலாமா என்று நினைத்தேன். கொட்டினால் இன்னொன்று வரும். சுவரிடம் போனேன். நகத்தை அழுத்தி ஒரு கட்டி பெயர்த்து வாயில் போட்டேன்.

சீ! வைக்கோல் தும்பும் சாணியும் கலந்த வெறும் மண். கரகரவென்று பல்லில் அரைபட்டது. குமட்டிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை நாள் தவித்தேன்? ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினேன். அடுத்த கட்டி. அதற்கடுத்த கட்டி. நகம் ஒன்று சதையோடு கிழிந்தது. தொண்டை அடைத்தது. தண்ணீர் இல்லை. கண்ணீரும் மூக்குநீருமாக உள்ளே தள்ளினேன். மசக்கையில் தின்கிறவளுக்கு ருசி உண்டு. பசியில் தின்கிறவளுக்கு வயிறு உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. இந்தக் குழந்தை எனக்கு வேண்டும், அது ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஆசை என்ற சொல் போதாது, வெறி என்றாலும் போதாது. தின்றேன். தெரிகிற மாதிரி, சுவரில் ஒரு தட்டு அளவுக்குக் குழி விழுகிற வரைக்கும் தின்றேன்.

கதவு திறந்தபோது வாய் நிறைய மண்ணோடு திரும்பினேன். நடித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் நடிக்க ஒன்றும் தேவைப்படவில்லை. பயந்துபோன மிருகம் மாதிரி இருந்திருப்பேன் போலிருக்கிறது. துரை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார். என் விரலில் ரத்தத்தைப் பார்த்தார். முகவாயில் வழிந்த சேற்றைப் பார்த்தார். அவர் முகம் கோணியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஏசுபாதத்திடம் ஒரு வார்த்தை கேட்டார்.

இந்தத் தடவை ஏசுபாதம் சொல் தேடவில்லை. "மசக்கை" என்றார். எங்கள் சொல்லை அப்படியே சொன்னார். "மசக்கை, சார்."

"மசாக்கே" என்றார் துரை. பிரம்பை வெளிப் பக்கமாக ஆட்டினார். அவ்வளவுதான். சுவரைத் தின்கிறவள் தங்கத்தைத் திருடத் தெரிந்தவளாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொட்டகைக்கு இனிமேல் வர வேண்டாம் என்று ஏசுபாதம் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னார். போகட்டும் போ என்று இருந்தது எனக்கு.

மரியகுழந்தை குழாயடியில் என்னை உட்காரவைத்து வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"வாசமா இருந்துச்சா?"

"இல்லக்கா. ஒண்ணியும் இல்ல. வெறும் மண்ணு."

"தெரியும்" என்றாள். "பயந்தவளுக்கு ஏதுடி மசக்கை?" பிறகு யாரோ வருவதைப் பார்த்துவிட்டு, "ம், போ போ, இங்க இன்னா வேடிக்கை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அதட்டினாள்.

லைனுக்கு வந்து எங்கள் தட்டி வீட்டுக்குள் படுத்துக்கொண்டேன். வயிறு கல்லாகக் கனத்தது. அடிவயிற்றில் வலி வருகிறதா, வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. சாயங்காலச் சங்கு ஊதிற்று. மழைக்குப் பிறகு வெயில் மஞ்சளாக வாசலில் விழுந்திருந்தது. ஜனங்கள் பேசிக்கொண்டு திரும்புகிற சத்தத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது.

எட்டியப்பன். சட்டையெல்லாம் சேறு. கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தது. வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மங்கம்மா பின்னாலேயே வந்தாள். "இன்னாய்யா மனுசன் நீ? உன் பொண்டாட்டிய வாயில மண்ணு போட்டதுக்குப் புடிச்சிக் கதவப் பூட்டிட்டாங்கன்னு கம்பெனி கேட்டாண்டயே ஓடியாந்து சொல்றேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம ஊமையாட்டம் ஓடியாறியே!" என்று கத்தினாள். அவர் அவளுக்கும் பதில் சொல்லவில்லை. தட்டிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு என் முன்னால் மண்டியிட்டார்.

என் கையைப் பிடித்து விரித்தார். குனிந்தார். கடைவாயில் அடக்கி வைத்திருந்ததை நாக்கால் தள்ளி என் உள்ளங்கையில் துப்பினார். புளியங்கொட்டை அளவுக்கு, அவர் எச்சிலில் நனைந்து, சாம்பல் நிறத்தில் பளபளவென்று கீழ்ச்சேறு.

ஷிப்டு முடிந்து வருகிற ஆண்களும் கேட்டில் வாயைத் திறந்து தங்கள் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இந்த மனிதர் இதைக் கடைவாயில் அதக்கிக்கொண்டு எப்படித்தான் நம்பரைச் சொன்னாரோ! செயிலுக்கு என்ன விடுவது என்று கேட்டவர். வெளியே வந்த அடுத்த நொடியே மங்கம்மா ஓடிவந்து, உன் பெண்டாட்டி இதே மண்ணுக்காக மாட்டிக்கொண்டாள் என்கிறாள். வாயைத் திறந்து கேட்க முடியாது. காவல்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான், துப்பவும் முடியாது. நான் இருக்கிறேனா, கருவைக் கலைத்துவிட்டார்களா என்றுகூடத் தெரியாமல், அந்தச் சேற்றை வாய்க்குள் பூட்டிக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு ஓடிவந்திருக்கிறார்.

"புள்ள கீதா?" என்றார், என் வயிற்றைப் பார்த்து. வாயெல்லாம் சேறு.

"கீது" என்றேன்.

அவர் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "கொழந்தைக்குக் காதுல சீழு வந்துரும்னு, அதான், இன்னிக்கு எப்டியாச்சும்..." என்று ஏதேதோ சொன்னார்.

மாசியில் பெண் பிறந்ததும், அவளுக்குக் காதில் சீழ் வரத்தான் வந்தது என்பதும், வேப்பெண்ணெய் விட்டுச் சரியாக்கினோம் என்பதும் பிறகு நடந்த கதை. அன்று சாயங்காலம் என் வயிறு சுவர் மண்ணால் நிறைந்திருந்தது. உள்ளங்கையில் இருந்ததை மோந்து பார்த்தேன். அந்த வாசம் இருந்தது, என்னை இழுக்கவில்லை. மசக்கை திரும்பி வரவேயில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தலையைத் தூக்கி, முகத்தைத் துடைக்காமல், நான் வாயில் போடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, நாக்கில் கரையவிட்டு, அவர் பார்க்கப் பார்க்கத் தின்றேன். யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை, யாரும் பயமுறுத்தவில்லை. அதை மட்டும் நான் ஆசையாகத் தின்றேன்.